ஆறாவது பெட்டி

ஏப்ரல் 10, திங்கள்

தலைவலி இல்லை.

தலைவலி வரும் நாளையும் வராத நாளையும் மட்டும்தான் குறித்துவைக்கச் சொன்னார் டாக்டர். பேனாவைத் திறந்தால் மற்றதும் வந்துவிடுகிறது.

கடையில் இன்று நிமிர நேரமில்லை. இரண்டு பூப்பு விழா பேனர், ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் பேனர், அப்புறம் பொருட்காட்சி போஸ்டர். சித்திரை ஒன்றாம் தேதி சந்தை மைதானத்தில் குணாளன் பொருட்காட்சி ஆரம்பம். அதன் மேனேஜர் ராஜசிங் வந்து, ராட்சத ராட்டினத்தைச் செல்போனில் எடுத்த படத்தைக் கடை மெயிலுக்கு அனுப்பினார். பகல் வெளிச்சத்தில், ஆளில்லாமல், அசையாமல் நிற்கிற ராட்டினம்.

"நிக்கிற ராட்டினத்தைப் பாத்து எவன்மா வருவான்? சுத்தணும். பாக்கிறவனுக்கு வயித்துக்குள்ள ஜிவ்வுன்னு இருக்கணும்" என்றார். கடைக்காரர் பால்துரை அண்ணன் என்னைக் கைகாட்டி, செண்பகம் சுற்ற வைத்துவிடும், பத்து வருஷமாக அதற்கு இதுதான் வேலை என்றார்.

ஃபோட்டோஷாப்பில் இதற்கென்றே ஸ்பின் பிளர் என்று ஒன்று இருக்கிறது. படத்தின் மேல் ஒரு வட்டம் வரும். அதற்குள் இருப்பதெல்லாம் சுற்றுவதுபோல் மங்கும். கேட்க எளிதுதான். ஆனால் இந்தப் படம் பக்கவாட்டிலிருந்து எடுத்தது. ராட்டினம் முட்டை வடிவில் தெரிந்தது. வட்டத்தையும் அதே மாதிரி நசுக்க வேண்டியிருந்தது. நடுப்புள்ளி அச்சின் மேல் மிகச் சரியாக உட்கார வேண்டும். ஒரு நூல் விலகினாலும் ராட்டினம் கழன்று ஓடுவதுபோல் ஆகிவிடும். கோணம் பன்னிரண்டு டிகிரி வைத்தேன். அதற்கு மேல் போனால் பெட்டிகள் மறைந்து எல்லாம் ஒரே தட்டாகிவிடுகிறது. தாங்கும் கால்கள் மங்கக் கூடாது, அவற்றை மட்டும் மாஸ்க் போட்டு மீட்டேன். பின்னால் நம்மூர் வாட்டர் டேங்கும் செல்போன் டவரும் அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருந்தன. அழித்துவிட்டு மாலை வானம் வைத்தேன். பல்புகளை எரியவிட்டேன்.

ஆறாவது பெட்டி, பச்சை நிறம், கொஞ்சம் உறுத்தியது. மேலே தொங்கும் இடத்தில் கம்பி மாதிரி ஏதோ. அங்கே மட்டும் மங்கலைக் கூட்டினேன். சரியாகிவிட்டது.

தாரணிக்கு நாளை கணக்குப் பரீட்சை. ஏழாம் வாய்ப்பாட்டில் இன்னும் தடுமாறுகிறாள். நாலாம் வகுப்பு வந்தாயிற்று.

ஏப்ரல் 11, செவ்வாய்

ராஜசிங் வந்து பார்த்தார். நிஜமாகவே சுத்துதே என்று இரண்டு முறை சொன்னார்.

அந்த ஆறாவது பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேன். அது பழைய படம், போன ஊரில் எடுத்தது, இப்போது எல்லாம் புதிதாக மாட்டியாயிற்று என்றார். சரி என்று விட்டுவிட்டேன். நல்ல மனிதர்தான். போகும்போது என் மேஜையில் ஆறு இலவச பாஸ் வைத்துவிட்டுப் போனார். ராட்டினத்துக்கும் செல்லும்.

ஏப்ரல் 12, புதன்

தலைவலி. காலை பத்திலிருந்து மாலை வரை.

ஏப்ரல் 14, வெள்ளி

புத்தாண்டு. கடை லீவு. ஊர்ச் சுவரெல்லாம் என் ராட்டினம் சுற்றுகிறது. தாரணி கோயிலுக்குப் போகிற வழியில் ஒவ்வொரு சுவரையும் காட்டி, எங்கம்மா செஞ்சது என்று தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சாயங்காலம் கூட்டிப்போகச் சொல்லி அடம். சளி பிடித்திருக்கிறது, தூசியில் கூடாது என்றேன். சளி இல்லை என்று மூக்கை உறிஞ்சிக் காட்டினாள். இருக்கிறது என்றேன்.

திருப்பூரிலிருந்து அவள் அப்பா பேசினார். பிள்ளையைக் கூட்டிட்டுப் போயேன், பாஸ்தான் இருக்கே என்றார். பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 15, சனி

பாஸை வீணாக்குவானேன் என்று பக்கத்து வீட்டுப் பவளம் அக்காவிடம் இரண்டு கொடுத்தேன். அக்கா மாவு அரைத்து விற்கிறாள். வீட்டைவிட்டு எங்கே போகப் போகிறாள். மகள் கௌசல்யாதான் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், ஞாயிறு மட்டும்தான் லீவு. கூட வேலை பார்க்கும் பெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

மீதி நாலு பாஸைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

தாரணிக்குத் தலைக்கு ஊற்றினேன். மூன்று வாளித் துணி. வெயில் நன்றாக இருந்ததால் நாலரைக்கெல்லாம் காய்ந்ததை எடுத்து, ஈரமாக இருந்ததை மாற்றிப் போட்டேன். தலைவலி.

ஏப்ரல் 17, திங்கள்

நேற்று மாலை ஆறே முக்கால் மணிக்குப் பொருட்காட்சி ராட்டினத்தில் ஒரு பெட்டி கழன்று விழுந்துவிட்டது. கௌசல்யா இறந்துவிட்டாள். பெனிட்டா காலும் தோள்பட்டையும் முறிந்து பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள்.

பவளம் அக்கா நேற்றுக் காலையிலேயே சாத்தூரில் தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். திரும்பி பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது அக்கா பஸ் ஸ்டாண்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காதுகுத்து வீட்டில் கொடுத்த தேங்காய்ப்பை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, என்னமோ சொல்றாங்களே செம்பகம், என்னன்னு கேளு என்றாள்.

இன்று மதியம் உடலைக் கொடுத்தார்கள். அறுத்துக் கட்டிய பொட்டலம். முகம் மட்டும் திறந்திருந்தது.

எந்தப் பெட்டி என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. தெருவில் பேசிக்கொண்டார்கள். பச்சைப் பெட்டி.

ஏப்ரல் 18, செவ்வாய்

அக்காவின் கொழுந்தன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்ய வந்தார். அக்காவும் கூட வந்தாள். வர வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் கேட்கவில்லையாம். என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கௌசல்யா தனியாக நிற்கிற நல்ல படம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு அம்மாவும் மகளுமாக எடுத்துக்கொண்டதைத்தான் எடுத்தேன். அக்காவை வெட்டி எடுத்துவிட்டேன். ஆனால் கௌசல்யாவின் தோளில் அக்காவின் நாலு விரல்கள் மிச்சமிருந்தன. ஒவ்வொன்றாக அழித்து, அந்த இடத்தில் சட்டை நிறத்தை நிரப்பினேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது விரலை அழிக்கும்போது, அந்தப் பொருட்காட்சி போஸ்டரும் நீதான் செஞ்சியாமே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது என்றாள். குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள்.

தோற்றம், மறைவு என்று தேதி போட வேண்டும். பிறந்த தேதி அக்காவுக்குச் சட்டென்று வரவில்லை. கொழுந்தன் சொன்னார்.

ஏப்ரல் 19, புதன்

ராட்டினம் ஓட்டிய ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பொருட்காட்சி முதலாளி குணாளனும் ராஜசிங்கும் போலீசில் எழுதிக் கொடுத்திருப்பது இது: அந்தப் பெண் செல்ஃபி எடுக்க எழுந்து நின்று பெட்டியை ஆட்டினாள், அதனால்தான் கழன்றது. வாட்ஸப்பில் இது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. தாரணி படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவிலும் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போன்தான் உயிர் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

நான் ஒன்றும் எழுதவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

பால்துரை அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். ராஜசிங் போன் பண்ணினாராம். போஸ்டர் ஃபைலும், அவர் அனுப்பிய படமும் கடையில் இருக்க வேண்டாம் என்றாராம்.

"எடுத்துரு செம்பகம். நாம போஸ்டர் அடிச்சோம், அவ்வளவுதான். நமக்கும் அதுக்கும் என்ன இருக்கு" என்றார். மிரட்டவில்லை. கெஞ்சுவதுபோல்தான் சொன்னார். அவருடைய நெற்றியெல்லாம் வியர்வை.

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். மெயிலையும் அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். அண்ணன் எழுந்துபோய் எனக்கு டீ வாங்கிவந்தார்.

காலையில் கடைக்கு வந்ததும் தாரணியின் பள்ளி ஆண்டுவிழாப் படங்களைப் பென்டிரைவில் ஏற்றியிருந்தேன். கூடவே வேறு சில ஃபைல்களும் ஏறியிருக்கலாம்.

ஏப்ரல் 21, வெள்ளி

தலைவலி.

ஏப்ரல் 22, சனி

பெனிட்டாவைப் பார்க்க அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனியாகப் போக முடியாது, வா என்று கூப்பிட்டாள். எப்படி மறுக்க.

பெனிட்டாவின் கால் கட்டோடு தூக்கி வைக்கப்பட்டிருந்தது. அக்காவைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைக்கு அழுகை வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம்தான் இருந்தது.

"எந்திரிக்கவே இல்ல ஆன்ட்டி. போனு அவ பையிலதான் இருந்துச்சு. அவளுக்கு ஏறுனதுமே பயம். கண்ணை மூடிக்கிட்டு என் கையைப் புடிச்சிருந்தா. மூணாவது சுத்துல மேல ஏதோ பிஞ்ச மாதிரி சத்தம் கேட்டுச்சு. ஒரு பக்கமா தொங்கிருச்சு. அவ பக்கம்."

போலீசிடம் இதைத்தான் சொன்னாளாம். உனக்கு அதிர்ச்சியில் மறந்திருக்கும் என்றார்களாம்.

திரும்பிவரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில், வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "போயிட்டா. அது என் தலையெழுத்துன்னு கெடந்துருவேன். ஆனா ஆட்டம் போட்டுச் செத்தான்னு சொல்றாங்களே. மாவு வாங்க வாரவ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்றா. பிள்ளைய ஒழுங்கா வளத்திருக்கலாம்ல அக்கான்னு."

டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 24, திங்கள்

இன்று கடைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். தாரணி பள்ளிக்குப் போனதும் பழைய லேப்டாப்பில் பென்டிரைவைச் சொருகினேன். ஃபைல் இருந்தது. ராஜசிங் அனுப்பிய படமும் இருந்தது.

நான் செய்த ஒவ்வொரு மாற்றமும் படத்தின் மேல் அடுக்கிய தனித்தனி லேயர்; அணைத்தால் அடியில் இருப்பது தெரியும். வானத்தை அணைத்தேன். பல்புகளை அணைத்தேன். கடைசியாக ஸ்பின் பிளர் போட்டிருந்த லேயரை அணைத்தேன். ராட்டினம் நின்றுவிட்டது.

ஆறாவது பெட்டியை நானூறு சதவீதம் பெரிதாக்கினேன். மற்றப் பெட்டிகளில் கட்டைவிரல் தடிமனில் போல்ட்டும் நட்டும் தெரிகின்றன. ஆறில் இடது பக்கம் போல்ட் இல்லை. அந்த ஓட்டையில் கட்டுக்கம்பியை நுழைத்துச் சுற்றியிருக்கிறார்கள். வீடு கட்டுகிற இடத்தில் சாரத்துக்குக் கட்டுவார்களே, அந்தக் கம்பி. ஏழு சுற்று. நுனியைக் குறடால் முறுக்கிவிட்டிருக்கிறார்கள்.

ஏழு என்று எண்ணத் தேவையில்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது. பத்தாம் தேதியே எண்ணியிருந்தேன்.

ஏப்ரல் 25, செவ்வாய்

தாலுகா ஆபீஸ் சுவரில் நோட்டீஸ். பொருட்காட்சி விபத்து குறித்துக் கோட்டாட்சியர் விசாரணை, மே மூன்றாம் தேதி காலை பதினொரு மணி, விவரம் தெரிந்தவர்கள் யாரும் நேரில் வந்து சாட்சி சொல்லலாம். நோட்டீசின் பாதியை யாரோ கல்யாணப் போஸ்டரால் மறைத்திருந்தார்கள். நின்று முழுக்கப் படித்தேன்.

தக்காளி, கத்தரிக்காய், தாரணிக்குப் பென்சில் டப்பா.

ஏப்ரல் 27, வியாழன்

தாரணி அப்பாவிடம் போனில் சொன்னேன். முழுக்க இல்லை, படத்தில் கம்பி தெரிகிறது என்பதை மட்டும். வேண்டாம் என்றார். நீ போய்ச் சொன்னால் அந்தப் பிள்ளை திரும்பி வந்துவிடுமா, கடை வேலை போகும், நாளைக்குக் குணாளன் ஆள் வீட்டு வாசலில் வந்து நின்றால் நான் திருப்பூரில் இருந்து என்ன செய்ய முடியும் என்று கேட்டார். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, உனக்கு என்ன, பழைய படம்னுதானே அவன் சொன்னான், நீ நம்பின, அவ்வளவுதானே என்றார்.

போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் அரிசியில் கல் பொறுக்கினேன். கல்லே இல்லை.

நான் நம்பவில்லை. பத்தாம் தேதி பின்னாலிருந்த வாட்டர் டேங்கை அழித்தது நான்தான். நம்மூர் டேங்க். அதன் வயிற்றில் போன தேர்தலுக்கு எழுதிய சின்னம்கூடப் பாதி தெரிந்தது. படம் எடுத்தது சந்தை மைதானத்தில், ராட்டினத்தைப் பூட்டி முடித்த பிறகு. போன ஊர் என்று ராஜசிங் சொன்னபோதே எனக்குத் தெரியும். நான் பார்த்தேன் என்று அவருக்கும் தெரியும். அதனால்தான் பாஸ் வைத்துவிட்டுப் போனார். நானும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தாரணிக்குச் சளி இல்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

தலைவலி. வாந்தி.

மே 3, புதன்

போனேன்.

கோட்டாட்சியர் ஒரு பெண்மணி. என்னைவிட இளையவராக இருப்பார். நீள மேஜை, ஒரு எழுத்தர், இன்ஸ்பெக்டர். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் குணாளன், ராஜசிங், அவர்களுடைய வக்கீல். இரண்டாவது வரிசையில் பவளம் அக்காவும் கொழுந்தனும். நானும் வந்திருப்பதைப் பார்த்து அக்கா தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

என் பெயர் பட்டியலில் இல்லை. யார் என்று கேட்டார்கள். செண்பகவல்லி, போஸ்டர் செய்தவள் என்றேன். ராஜசிங் திரும்பிப் பார்த்தார்.

லேப்டாப்பை மேஜையில் வைத்து முதலில் போஸ்டரைக் காட்டினேன். பிறகு ஒவ்வொரு லேயராக அணைத்துக் காட்டினேன். சுற்றிக்கொண்டிருந்தது நின்றதும் எழுத்தர் எழுதுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். ஆறாவது பெட்டியைப் பெரிதாக்கினேன். கோட்டாட்சியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அது என்ன என்று கேட்டார். கட்டுக்கம்பி என்றேன்.

வக்கீல் எழுந்தார். வானத்தை மாற்றியது யார், டேங்கை அழித்தது யார், நிற்கிற ராட்டினத்தைச் சுற்ற வைத்தது யார் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் நான்தான் என்றேன். அப்படியென்றால் இந்தக் கம்பியையும் நீங்களே வரைந்திருக்கலாம் இல்லையா என்றார். அதை எதிர்பார்த்துத்தான் ராஜசிங் அனுப்பிய படத்தை அப்படியே கொண்டுபோயிருந்தேன். அதன் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஏப்ரல் ஒன்பது, பகல் இரண்டு பதினாலு, எந்தப் போனில் எடுத்தது என்பது வரை இருந்தது. அதே படம் இன்னும் அவர் போனிலேயே இருக்கும், இல்லையென்றாலும் அவர் மெயிலில் அனுப்பியது இருக்கும் என்றேன். இன்ஸ்பெக்டர் ராஜசிங்கிடம் கை நீட்டினார். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனைக் கொடுத்தார்.

வக்கீல் விடவில்லை. நிதானமாக, மரியாதையாகவே கேட்டார்.

"அவ்வளவு ஆபத்துன்னு உங்களுக்கு ஏப்ரல் பத்தாம் தேதியே தெரியும். அப்புறம் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு ஏம்மா பாஸ் குடுத்தீங்க?"

அவருக்குப் பாஸ் விஷயம் எப்படித் தெரியும் என்று யோசித்தேன். ராஜசிங் சொல்லியிருப்பார். கௌசல்யாவின் கைப்பையில் இருந்த பாஸில் நம்பர் இருந்திருக்கும்.

என் மகளை அனுப்பவில்லை என்றேன். வேறெதையோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன்; அதுதான் வந்தது. கோட்டாட்சியர், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார். கொடுத்தேன், தெரிந்தும் கொடுத்தேன், ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன் என்றேன். ஒன்றும் ஆகாது என்று நினைத்தால் உங்கள் மகளை அனுப்பியிருக்கலாமே என்றார் வக்கீல்.

எழுத்தர் எல்லாவற்றையும் எழுதினார். என்னிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். 'தெரிந்தும்' என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. சொன்னேன். திருத்தினார்.

வெளியே வரும்போது அக்கா வராண்டாவில் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போவதற்குள் படியிறங்கிப் போய்விட்டாள்.

மே 5, வெள்ளி

குணாளனையும் ராஜசிங்கையும் கைது செய்துவிட்டார்கள். செய்தித்தாளில் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். பெண் எழுந்து நின்றதாகக் கூறப்பட்டது உண்மையல்ல என்று ஒரு வரி. அந்த வரியைப் படம் எடுத்துப் பள்ளிக் குழுவில் போட்டேன். இரண்டு பேர் கைகூப்பினார்கள்.

பால்துரை அண்ணன் திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். கோபமே இல்லை. அன்னைக்கு என் கண்ணு முன்னாடிதானே அழிச்ச என்று மட்டும் கேட்டார். கடையில் இருந்ததை அழித்தேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பத்து வருஷமாக என் மேஜையில் இருந்த சின்ன மின்விசிறியைக் கழற்றி அவரே பையில் போட்டுக் கொடுத்தார்.

மே 6, சனி

மாவு பஜாரில் வாங்கினேன்.

மே 7, ஞாயிறு

பவளம் அத்தை ஏன் நம்மகூடப் பேச மாட்டேங்கிறாங்க என்று தாரணி கேட்டாள். சொன்னேன். நடந்தது எல்லாவற்றையும், அவளுக்குப் புரிகிற மாதிரி. நடுவில் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், அப்போ எனக்குச் சளி இல்லைதானே என்றாள். இல்லை என்றேன். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மே 9, செவ்வாய்

இன்று பகல் பவளம் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே, விசாரணையில் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். இந்த நோட்டில்கூட அதை எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வாளித் துணி என்று எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறேன்.

அன்றைக்கு நாலரை மணிக்கு நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். கௌசல்யா வீட்டைப் பூட்டிவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போக வந்தாள். அம்மா வந்தா குடுத்துருங்கக்கா என்றாள். போனவள் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அக்கா, எனக்கு உசரம்னாலே பயம். பெனிட்டா ராட்டினத்துல ஏறியே ஆகணும்ங்கிறா. ஏறவா, வேண்டாமா?"

என் கையில் தாரணியின் பாவாடை இருந்தது. அதை உதறிக்கொண்டே சொன்னேன்: "ஒண்ணும் ஆகாது. போயிட்டு வா."

இதைச் சொல்லி முடித்ததும் அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையை உளுந்துத் தண்ணீரிலிருந்து எடுத்துச் சேலையில் துடைத்தாள். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"என்ன டிரெஸ் போட்டிருந்தா?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அக்கா அன்று காலை ஆறு மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள். கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருந்திருப்பாள். அதற்குப் பிறகு அக்கா பார்த்தது பொட்டலத்தைத்தான்.

மஞ்சள் சுடிதார், வெள்ளைத் துப்பட்டா என்றேன்.

"பூ வச்சிருந்தாளா?"

"வச்சிருந்தா அக்கா. கதம்பம்."

"சாப்பிட்டாளா?"

"தெரியல. கையில முறுக்கு வச்சிருந்தா. தாரணிக்கு ஒண்ணு குடுத்தா."

அக்கா தலையசைத்தாள். முறுக்கு அவள் சுட்டு வைத்துவிட்டுப் போனதாக இருக்கும்.

"நீ அப்படிச் சொன்னதும் என்ன செஞ்சா?"

"சிரிச்சா" என்றேன். "சிரிச்சிட்டுப் போனா."

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. நான் போகத் திரும்பினேன்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள். "கதவப் பூட்டிட்டு வந்தாள்ல. அங்க இருந்து சொல்லு."

திரும்பச் சொன்னேன். அவள் பூட்டை இழுத்துப் பார்த்ததிலிருந்து, சாவியைக் கொடுத்தது, நாலு எட்டுப் போனது, திரும்பி வந்தது, கேட்டது வரை. நான் பதில் சொன்ன இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதையும் சொன்னேன்.